குச்சி நட்டுப் பார்த்த கடல்

உங்கள் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் வாய்விட்டு ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னது ஒரே தடவைதான். ராமேஸ்வரம் தீவில் ஒரு கலங்கரை விளக்கத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். போனோம், பார்த்தோம். அந்த நாளைப் பற்றி நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருக்கிறீர்கள். தாத்தா கடலுக்குக் குச்சி நட்ட கதை என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரிக்கவும் அதில் இடமிருக்கிறது. ஆனால் முழுவதும் தெரிந்துகொண்டு சிரியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் கோணல் இருந்தால் நிமிர்த்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் தேனியில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். மூத்தவன் ஆறு மாதக் கைப்பிள்ளை. மற்ற இரண்டு பேரும் இன்னும் பிறக்கவில்லை. மூத்தவன் வயிற்றில் இருக்கும்போதே உங்கள் அம்மாவைப் பெற்றவள் காலமாகிவிட்டாள். அதனால் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, மருந்து உரைத்து ஊற்றுவது எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் பார்த்துப் பார்த்துத்தான் அவள் பழகினாள். சிரிப்பு குறைந்துபோயிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட தலையைத்தான் ஆட்டுவாள்.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் திதி கொடுத்துவிட வேண்டும் என்று என் மாமனார், அதாவது உங்கள் தாத்தா, உத்தமபாளையத்திலிருந்து புறப்பட்டு வந்தார். நாங்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனோம். மதுரை வரைக்கும் பஸ், அப்புறம் ரயில். அந்தக் காலத்தில் தீவுக்கு ரயில் பாலம் மட்டும்தான். பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து போகும்போது மாமனார் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு குழி நெலத்து வெள்ளாமைக்கு ஆகுமா மாப்ள?" என்றார்.

திதி கொடுத்த அன்று பொழுது சாய, கரையில் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, போனது, திரும்பி வந்தது. எங்கள் பக்கம் இருட்டில் தூரத்து வெளிச்சம் என்றால் அது மலையில்தான் தெரியும். ஏலத் தோட்டத்து லாந்தராக இருக்கும், இல்லாவிட்டால் காட்டுத் தீயாக இருக்கும். இரண்டும் இப்படிச் சுற்றி வராது. உங்கள் அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஏங்க, நாளைக்கு அதக் கிட்டப் போயிப் பாப்பமா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "போவம் ஆத்தா. இந்தா இருக்கு. நம்ம வயலுக்கு நடக்குற தூரங்கூட இருக்காது."

மகள் ஒன்று கேட்டுவிட்டாள் என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே நடக்க ஆரம்பித்தோம். பாதை என்று ஒன்றும் இல்லை. பனைமரங்கள், உடைமுள், கால் புதைகிற மணல், கருவாட்டு வாடை. எதிரே வெள்ளையாக அந்தத் தூண் நின்றது. நடக்க நடக்க அது அதே உயரத்தில் அங்கேயே நின்றது. எங்கள் ஊரில் தூரத்தை வயல் வரப்பையும் தோப்பையும் வைத்துக் கணக்குப் பண்ணுவோம். மேற்கே மலை இருப்பதால் திசையும் தானாகத் தெரியும். அந்தத் தீவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மணலும் பனையும்தான் இருந்தன.

பாதி தூரத்துக்கு மேல் வந்த பிறகு ஓர் ஓடை குறுக்கிட்டது. கடல் தரைக்குள் நுழைந்து உள்ளே போகிற ஓடை. அகலம் நம் ஊர் வாய்க்காலைப் போல இரண்டு மடங்கு இருக்கும். தண்ணீர் முழங்காலுக்குத்தான் கிடந்தது, அடியில் மணல் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மரம்கூட இல்லை. தென்மேற்குக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓர் உடைமரக் குச்சியை ஒடித்தார். அதைத் தண்ணீர் தொடுகிற விளிம்பில் நட்டுவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் முறைத்தண்ணீர் பாய்ச்சுகிற எவரும் செய்வதுதான். மேலே அணையில் ஷட்டரைத் திறந்து பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று குச்சியை நட்டுத்தான் பார்ப்பார்கள். இறங்க ஆரம்பித்த தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் போகும். திரும்ப ஏற வேண்டுமென்றால் மேலே ஒருவர் ஷட்டரைத் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊருக்கே தகவல் வந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குச்சியை விட்டு ஒரு விரற்கடை விலகியது. ஈர மணல் பளபளவென்று தெரிந்தது.

"எறங்குது மாப்ள. நீங்க திரும்பி வாரதுக்குள்ள காஞ்சு தரையாப் போயிரும்" என்றார். "பிள்ளையை இந்த மணல் காத்துல கொண்டுபோக வேணாம். கண்ணுல அள்ளிப் போட்டுரும். பால் குடுத்துட்டுப் போத்தா. நான் இங்கன பனையடியில வச்சுக்கிட்டு இருக்கேன்."

உங்கள் அம்மா யோசித்தாள். "முழிச்சா அழுவானேப்பா?"

"உன்னைய வளத்தவன் நானு. போ, போயி அந்த வெளக்க நல்லாப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு."

அவள் பால் கொடுத்தாள். பிள்ளை தூங்கினான். இரண்டு பனைக்கு நடுவில் அவளுடைய பழைய சேலையைத் தூளியாகக் கட்டினோம். துணிப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மாமனாரிடம் விட்டுவிட்டு ஓடையில் இறங்கி நடந்து அக்கரை சேர்ந்தோம். சேலை நனையவில்லை.

அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் நடந்த நடையை நான் மறக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். செத்த பவளக்கல் காலில் குத்தியது. ஆனால் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நண்டு வளையைப் பார்த்து, "ஒத்தக் கதவு வீடு" என்றாள். சிப்பிகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிள்ளை நடக்கிற வயசில் திரும்ப ஒரு தடவை வர வேண்டும் என்றாள். கல்யாணமான புதிதில் பேசியது போல இருந்தது. நான் ஊம் கொட்டிக்கொண்டே நடந்தேன்.

விளக்கைப் பார்த்துக்கொள்கிறவர் வெளியூர்க்காரர். நல்ல மனிதர். மத்தியானம் தாண்டித்தான் மேலே விட அனுமதி என்றார். எங்கள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சற்று உட்கார வைத்து, மண்பானைத் தண்ணீர் கொடுத்து, நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற படி. உங்கள் அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள். மேலே கண்ணாடிக் கூண்டைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட நடை. காற்று ஆளைத் தள்ளியது. மூன்று பக்கமும் கடல், இரண்டு நிறத்தில்.

அவள் கடலைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். அப்புறம் நாங்கள் வந்த பக்கம் திரும்பி, கண்ணுக்குக் கை வைத்துத் தேடினாள்.

"அந்தா எங்கப்பா! துண்டை ஆட்டுறாக பாருங்க!"

ஆமாம். புள்ளி மாதிரி ஓர் ஆள், கையில் வெள்ளையாக ஒரு துண்டு, மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஏறிவிட்டதைப் பார்த்துவிட்டார் என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. முந்தானையைப் பிடித்து அவளும் ஆட்டினாள். நானும் கையை ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நாங்களும் இன்னும் வேகமாக ஆட்டினோம்.

விளக்குக்காரர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று அந்தப் பக்கம் பார்த்தார்.

"அவரு உங்க ஆளா? நீங்க எந்த வழியா வந்தீங்க?"

"அந்த ஓடையக் கடந்துதாங்க."

"ஓடையையா? ஐயய்யோ. கடல் ஏறிக்கிட்டு இருக்கேங்க. அமாவாசைக்கு வழக்கத்தைவிட அதிகமா ஏறுமே, தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. அமாவாசையை விரதத்துக்குத் தெரியும், திதிக்குத் தெரியும். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அப்போதுதான் ஓடையை நன்றாகப் பார்த்தேன். காலையில் ஒடுங்கிக் கிடந்த தண்ணீர் இப்போது பாய் விரித்த மாதிரி அகலமாகக் கிடந்தது.

உங்கள் அம்மா அதற்குள் திரும்பிவிட்டாள். படியில் இறங்கிய சத்தம்தான் கேட்டது.

ஓடினோம். மணலில் ஓடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், கனவில் ஓடுகிற மாதிரிதான். அவள் முடிந்து வைத்திருந்த சிப்பிகள் வழியெல்லாம் கொட்டிக்கொண்டு வந்தன. ஓடைக்கரைக்கு வந்தபோது குச்சி இல்லை. குச்சி இருந்த இடமும் இல்லை. தண்ணீர் பனையடிக்குக் கொஞ்ச தூரம் வரைக்கும் போயிருந்தது. மாமனார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கரையில் நின்றார்.

நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன். கிணற்றில் தலைகீழாகக் குதித்துப் பழகியவன் நான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாது. இது இடுப்பைத் தொட்டதும் ஓர் ஆள் பிடித்து இழுப்பது போலப் பக்கவாட்டில் இழுத்தது. நெஞ்சுக்கு வந்ததும் காலடி மணல் நழுவியது. இரண்டு வீச்சுப் போட்டுப் பார்த்தேன். அக்கரை கிட்டே வருவதற்குப் பதில் உங்கள் அம்மா நின்ற இடம் தூரமாகப் போனது. எப்படியோ கால் ஊன்றி, உப்புத் தண்ணீர் குடித்து, இறங்கிய இடத்துக்கு வெகு தள்ளிக் கரையேறினேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எறங்காதீக. உங்களையும் அங்கிட்டு விட்டுட்டு நான் என்ன செய்ய?"

எங்கள் பின்னாலேயே வந்த விளக்குக்காரரிடம் வள்ளம் ஏதும் கிடைக்குமா என்று கேட்டேன். எல்லாம் தொழிலுக்குப் போய்விட்டன, பொழுது சாயத்தான் திரும்பும் என்றார். "அவசரப்பட்டு எறங்கிராதீங்க. இருட்டுறதுக்குள்ள தானா வத்திரும்" என்று சொல்லிவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

மூத்தவனே, நீ அழுதாய். அழுவது தெரிந்தது, கேட்கவில்லை. வாய் திறந்திருப்பதும் முகம் சுருங்குவதும் தெரிந்தது, ஆனால் காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்ததால் ஒரு சத்தமும் வரவில்லை. நாங்கள் கத்துவது மட்டும் தாத்தாவுக்குக் கேட்டது. உங்கள் அம்மா கையைக் குவித்துக் கத்தினாள்.

"பையில சக்கரப் பொட்டணம் இருக்குப்பா! தண்ணியில கரைச்சு, துணியில தொட்டு வாயில வைங்க!"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கேட்டுவிட்டது. ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் பையைத் துழாவினார். முடியவில்லை. பையை அப்படியே மணலில் கவிழ்த்தார். பிள்ளைத் துணிகள் எல்லாம் காற்றில் கிளம்பின. ஒன்று பனையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒன்று தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. அவர் ஒன்றை மிதித்துக்கொண்டு இன்னொன்றைப் பிடிக்கத் தாவினார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். கடைசியில் பொட்டலத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் தண்ணீர் பாட்டிலை எடுத்து எங்களைப் பார்த்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். வெயிலில் அவரே குடித்துத் தீர்த்திருந்தார்.

நடுவில் அவ்வளவு தண்ணீர். ஒரு மடக்குக் குடிக்க ஆகாது.

"வெறும் விரலையாச்சும் வைங்கப்பா!" என்றாள். அவர் வைத்தார். நீ கொஞ்ச நேரம் சூப்பிப் பார்த்துவிட்டு முன்னைவிட அதிகமாக முகத்தைச் சுருக்கினாய். அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பால் கட்டி நெஞ்சு வலித்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்போது அவள் சொன்னது வேறு.

"நான் கேட்டிருக்கக் கூடாதுங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். தராசு பிடிக்கிற எனக்குக் கையில் ஏதாவது இருந்தால்தான் வேலை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

அப்போதுதான் மாமனார் எழுந்தார். எங்களைப் பார்த்தார். பின்பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். வாய் அசைந்தது.

"என்ன சொல்றாக?"

"தெரியல."

"எங்கப்பா போறீக? போகாதீக! நான் பாக்குற மாதிரி இங்கனயே இருங்க!"

கேட்டிருக்கும். ஆனாலும் நிற்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் துண்டால் மூடிக்கொண்டு, மணல்மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். இரண்டு பனை, காற்றில் ஆடுகிற வெறும் தூளி, அவ்வளவுதான் தெரிந்தது.

"பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததே எத்தனையோ தேவலை என்று அப்போது எனக்குத் தோன்றியது. தண்ணீர் ஒரு சொட்டும் குறைகிற மாதிரி இல்லை. நானும் ஒரு குச்சியைத் தேடி எடுத்து எங்கள் பக்கத்து விளிம்பில் நட்டேன். அவள் அதைப் பார்த்தாள். பிடுங்கித் தூர எறிந்தாள்.

பொழுது இறங்க இறங்க, யாரும் கேட்காமல், யாரும் எதையும் மூடாமல், தண்ணீர் தானாகவே வற்ற ஆரம்பித்தது. இடுப்பளவு வந்ததும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அலை தெறித்துக் கழுத்து வரைக்கும் நனைந்து அக்கரை ஏறினோம். ஏறிய இடத்தில் மாமனார் நட்ட குச்சியின் தலை தண்ணீருக்கு மேல் தெரிந்தது. நட்ட இடத்திலேயே, சாயாமல் நின்றது.

மணல்மேட்டில் கால்தடத்தைக் காற்று பாதி மூடியிருந்தது. மீதி பாதியைப் பிடித்துக்கொண்டு போனோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி ஓலைக் குடிசைகள் இருந்தன. ஒரு குடிசை வாசலில் உங்கள் தாத்தா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் பிள்ளை இல்லை.

உங்கள் அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். நான்தான் போய்க் கேட்டேன்.

"உள்ளாற தூங்குறான் மாப்ள" என்றார். முகத்தை நிமிர்த்தவில்லை. "இந்த வீட்டுத் தாயி பால் குடுத்துச்சு. அத்துவானத்துல எங்கயோ புகை தெரிஞ்சுது, அதப் பாத்து வந்தேன். வெக்கத்த விட்டு, ஆத்தா எம் பேரனுக்குப் பசின்னு வாசல்ல நின்னு கேட்டேன்."

வயலில் அடுத்தவன் கலயத்துத் தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்காத மனிதர் அவர்.

குடிசைக்காரப் பெண் வெளியே வந்தாள். உங்கள் அம்மா வயதுதான் இருக்கும். இடுப்பில் அவளுடைய பிள்ளை, அதுவும் மூத்தவன் பருவம். உங்கள் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாம்மா வா. பெரியவரு வந்ததுலேருந்து மடை எங்க இருக்கு, எவன் தொறந்தான்னு எங்ககிட்ட ஒரே சண்டை. கடலுக்கு ஏதுய்யா மடைன்னா நம்ப மாட்டேங்குறாரு."

மாமனார் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

உங்கள் அம்மா உள்ளே ஓடினாள். நீ சாக்கு விரித்த தரையில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாய். அவள் உன்னை வாரி எடுத்துப் பால் கொடுக்கப் பார்த்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மறு பக்கம் வைத்தாள். அதற்கும் திருப்பிக்கொண்டு உறக்கத்தைத் தொடர்ந்தாய். பகல் முழுவதும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். வலி தாங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இடுப்பில் இருந்த பிள்ளையும் அழ ஆரம்பித்தது. அதன் பங்கைத்தான் நீ குடித்திருந்தாயே. அந்தப் பெண் கொஞ்ச நேரம் இரண்டு அழுகையையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் தன் பிள்ளையை உங்கள் அம்மாவிடம் நீட்டினாள்.

"இந்தா, இவனுக்குக் குடு. உன் மகன் குடிச்சதுக்கு இவன் பட்டினி, உனக்கு அங்க கட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டும் தீரட்டும்."

நானும் மாமனாரும் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டோம். ஓடைக்கு அந்தப் பக்கம் விளக்கைப் போட்டுவிட்டார்கள். வெளிச்சம் வந்தது, போனது. குடிசைக்குள் அந்தப் பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது.

மாமனார் மெல்லக் கேட்டார். "நான் நட்ட குச்சி கெடக்கா மாப்ள?"

"நிக்குது மாமா."

"நான் சரியாத்தானே பாத்தேன்? எறங்கத்தானே செஞ்சுது?"

"எறங்குச்சு மாமா. நானும் பாத்தேன்."



மூத்தவனே, உன் வயதில் ஒருவன் அந்தத் தீவில் இருக்கிறான். அவன் பாலை நீ குடித்தாய், உன் பாலை அவன் குடித்தான். ஆண்கள் நாங்கள் இரண்டு பேரும் அவன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் அம்மா கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். சொல்லச் சொன்னால், அது எனக்கும் அந்தத் தாயிக்கும் உள்ளது என்கிறாள்.